பழைய வண்டி, புது கிளட்ச் பிளேட்: பட்டறையில் பெயர் வாங்கும் வழி

"வண்டி ரேஸ் ஆகுது, ஆனா இழுக்க மாட்டேங்குது. என்ன பண்ணுவே?" சர்வீஸ் சென்டர் இன்டர்வியூவில் இப்படி ஒரு கேள்வி வந்தால், "கிளட்ச் பிளேட் மாத்தணும் சார்" என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். தப்பான பதில் இல்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் அதையேதான் சொல்லப்போகிறார். வேலை யாருக்குப் போகும் தெரியுமா? "முதல்ல லீவர் பிளே பார்ப்பேன் சார். அப்புறம் என்ன ஆயில் ஊத்தியிருக்காங்கன்னு கேட்பேன். ரெண்டும் சரியா இருந்தாத்தான் கவரைத் திறப்பேன்" என்று சொல்பவருக்கு.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடுகிறீர்களா? பட்டறையில் ஹெல்பராக இருந்துகொண்டு அடுத்த படிக்குக் காத்திருக்கிறீர்களா? உங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. பழைய பைக்கில் தேய்ந்த கிளட்ச் பிளேட்டை மாற்றும் ஒரே ஒரு வேலையை முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மெக்கானிக்கிடம் முதலாளி தேடுவதெல்லாம் அதற்குள் இருக்கிறது: குறையைக் கண்டுபிடிப்பது, அளவெடுப்பது, சுத்தமாகக் கோப்பது, கஸ்டமரிடம் பேசுவது. அரை நாளில் முடிகிற வேலை. ரிசல்ட் டிரையல் போகும்போதே தெரிந்துவிடும். ஒளிந்துகொள்ள இடமில்லாத வேலை என்பதால்தான் திறமை அதில் பளிச்சென்று தெரிகிறது.

ஏன் பழைய வண்டி?

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின் பெரும்பாலான புது பைக்குகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன. கம்பெனி டிரெயினிங்கும் ஸ்கேனர், சென்சார் என்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் ரோட்டில் ஓடுவது புது வண்டி மட்டுமல்ல. 1994-இல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரை இன்னும் தினமும் மிதித்து வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1985 முதல் 1996 வரை இங்கே தயாரான ஆர்எக்ஸ்100-ஐப் பிள்ளைபோல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். திருவொற்றியூரில் தயாரான காஸ்ட் அயர்ன் புல்லட்டை விற்கவே மாட்டேன் என்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலைதான்: வண்டியை நம்பிக் கொடுக்க ஆள் இல்லை. அந்த இடத்தில் போய் நில்லுங்கள். உங்கள் வயதுப் பையன்கள் அங்கே அதிகம் இல்லை.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் வண்டியை எடுங்கள்

கஸ்டமர் சொன்னதை அப்படியே நம்பிக் கவரைத் திறக்காதீர்கள். முதலில் லீவரைத் தொடுங்கள். ஹோண்டா வழி வந்த சின்ன பைக்குகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். பிளே சுத்தமாக இல்லாமல் கேபிள் இழுத்துக் கட்டியிருந்தால், நல்ல பிளேட்டும் ஸ்லிப் ஆகும். கிளட்ச் எப்போதும் பாதி பிடித்த நிலையிலேயே இருக்கிறது என்று அர்த்தம். பிளேட் தேயத் தேய இந்தப் பிளே தானாகக் குறைந்துகொண்டே வரும். அதனால் "கடைசியா எப்போ கேபிள் அட்ஜஸ்ட் பண்ணீங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே பாதி டயக்னோசிஸ் முடிந்துவிடும்.

அடுத்து ஆயில். கார் ஆயில் மிச்சம் இருந்தது என்று பைக்கில் ஊற்றுகிறவர்கள் உண்டு. உராய்வைக் குறைக்கும் கெமிக்கல் சேர்த்த கார் ஆயில்கள் பல. என்ஜினுக்கு அது நல்லது. ஆயிலில் குளித்துக்கொண்டே உராய்வை நம்பி வாழும் கிளட்சுக்கு அதுவே எதிரி. இந்தச் சிக்கலுக்காகத்தான் ஜப்பானில் 1998-இல் ஜாசோ தரம் வந்தது. கியர் பைக்குக்கு டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும். எம்.பி. என்றால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. தப்பான ஆயில் என்று தெரிந்தால் முதலில் ஆயிலை மாற்றி ஓட்டிப் பாருங்கள். பிளேட் செலவு இல்லாமல் வண்டி சரியாகிவிட்டால் அந்தக் கஸ்டமர் ஆயுசுக்கும் உங்களுடையவர்.

இரண்டும் சரி என்றால் டிரையல் போங்கள். டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முறுக்குங்கள். சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை: ஸ்லிப். கிளட்சை முழுசாகப் பிடித்தும் வண்டி முன்னால் நகர்கிறது, நியூட்ரல் விழ அடம்பிடிக்கிறது: இது ஸ்லிப் இல்லை, டிராக். இதற்குக் காரணமே வேறு. கேபிள் ரொம்ப லூசாக இருக்கலாம், ஸ்டீல் பிளேட் வளைந்திருக்கலாம், கிளட்ச் அவுட்டரில் பள்ளம் விழுந்திருக்கலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர் புது பிளேட் போட்டும் கம்ப்ளெயின்ட்டை ஒழிக்க மாட்டார். வண்டி திரும்பி வரும். திரும்பி வந்த வண்டியை ஓனர் மறக்கவே மாட்டார்.

2. கவரைத் திறக்கும் முன் எஸ்டிமேட்

கிளட்ச் வேலையில் சண்டை வருவதெல்லாம் பணத்தில்தான். "பிளேட் மட்டும்னு சொன்னீங்க, இப்ப ஸ்பிரிங், பேக்கிங், அவுட்டர்னு நீட்டுறீங்களே?" இந்தப் பேச்சுக்கே இடம் வைக்காதீர்கள். மூன்று தொகையை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: பிளேட், ஸ்பிரிங், பேக்கிங், ஆயில் சேர்த்து ஒன்று, ஸ்டீல் பிளேட்டும் போயிருந்தால் ஒன்று, அவுட்டரும் மாற்ற வேண்டியிருந்தால் ஒன்று. "திறந்து அளந்துட்டுப் போன் பண்றேன், நீங்க சரின்னு சொன்னாத்தான் மேற்கொண்டு பண்ணுவேன் சார்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். லேபர் சார்ஜில் கூச்சப்பட வேண்டாம். பக்கத்துப் பட்டறையைவிடக் கொஞ்சம் கூடத்தான் கேளுங்கள், ஆனால் ஏன் என்று விளக்குங்கள். குறைந்த கூலிக்கு ஆள் வேண்டுமென்றால் எப்போதும் கிடைப்பார்கள். அந்த வரிசையில் போய் நிற்காதீர்கள்.

3. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு சூட்சுமம்

எல்லா கிளட்சும் ஒன்றுதான் என்று நினைப்பவர் ஹெல்பராகவே இருந்துவிடுவார். மூன்று வண்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்ப்ளெண்டரில் கிளட்ச் வலது பக்கம். கிக்கரைக் கழற்றி, கவரை எடுத்து, ஸ்பிரிங் போல்ட்டுகளைக் கழற்றினாலும் பிளேட் கைக்கு வராது. நடுவில் நான்கு காடி வெட்டிய லாக் நட் இருக்கும். அதைக் கழற்றினால்தான் சென்டரும் பிளேட்டுகளும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்து வரும். இதற்கென்று நான்கு பல் வைத்த தனி சாக்கெட் உண்டு. உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டிக் கழற்றுவது நம் பட்டறைகளில் ஊறிப்போன பழக்கம். விட்டுவிடுங்கள். நட்டின் காடி சிதைந்திருந்தால் அடுத்து திறக்கும் மெக்கானிக் உங்கள் கையெழுத்தை அங்கே படிப்பார்.

கவர் திறந்திருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. கிராங்க் முனையில் சென்ட்ரிஃப்யூகல் ஆயில் ஃபில்டர், அடியில் ஆயில் ஸ்ட்ரெய்னர் வலை. தேய்ந்த பிளேட்டின் துகள் எல்லாம் போய்ச் சேரும் இடம் இவை. இரண்டையும் சுத்தம் செய்யாமல் கவரை மூடினால் பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள். ஆயிலை மிச்சப்படுத்த வண்டியை இடது பக்கம் படுக்கவைத்து வேலை பார்க்கிறவர்களும் உண்டு. அந்த ஆயிலில்தான் அத்தனை அழுக்கும் இருக்கிறது. வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள்.

ஆர்எக்ஸ்100-இலும் வலது பக்கம்தான், ஆனால் திறப்பது சுலபம். பிரஷர் பிளேட் வெளியே இருப்பதால், ஸ்பிரிங் ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் பிளேட்டுகள் வந்துவிடும். சென்டர் நட்டைத் தொட வேண்டியதே இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதால் கிளட்சும் கியர்பாக்ஸும் தனி ஆயிலில் ஓடுகின்றன. என்ஜினுக்கு 2டி ஆயிலை ஆட்டோலூப் பம்ப் கொடுக்கிறது. அந்தப் பம்ப் இருப்பது நீங்கள் கழற்றுகிற அதே பக்கத்தில். ஆயில் ட்யூபைப் பிரித்திருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கும். ஏர் எடுக்காமல் ஸ்டார்ட் செய்து அனுப்பினால் ஆயில் இல்லாமல் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். கிளட்ச் வேலைக்கு வந்த கஸ்டமருக்கு போர் வேலை வைத்த மெக்கானிக் என்ற பெயர் அந்தப் பேட்டை முழுக்கப் பரவும். ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

காஸ்ட் அயர்ன் புல்லட் தனி உலகம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில், கிளட்ச் இடது பக்க பிரைமரி கவருக்குள். ஃபுட்ரெஸ்டும் பிரேக் பெடலும் வழிவிட்டால், அவ்வளவு பெரிய கவரும் நடுவிலுள்ள ஒற்றை நட்டில்தான் நிற்கிறது என்பது தெரியும். உள்ளே என்ஜினோடு சேராத தனி ஆயில். பிளேட் மட்டும் மாற்ற பிரைமரி செயினைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் திறந்தாயிற்று, செயின் டென்ஷனை ஒரு முறை பார்த்துவிடுங்கள். திரும்ப மூடும்போது லீக் ஆகிறதென்று நட்டை மேலும் மேலும் முறுக்காதீர்கள். கவர்தான் நெளியும், லீக் நிற்காது. ரப்பர் சீலை மாற்றி, சீல் உட்காரும் காடியைச் சுத்தம் செய்யுங்கள்.

வேறு எந்த வண்டியாக இருந்தாலும் அதன் சர்வீஸ் மேனுவலைத் தேடிப் படியுங்கள். சில பைக்குகளில் வெளிப்பக்கத்து ஃப்ரிக்‌ஷன் பிளேட்டின் காது மட்டும் வேறு காடியில் உட்காரும். சிலவற்றில் பிரஷர் பிளேட்டிலும் சென்டரிலும் ஒத்துப்போக வேண்டிய மார்க் இருக்கும். சென்டர் நட் எந்தப் பக்கம் கழலும் என்பதையும் பார்த்துக்கொண்டே ஸ்பேனர் போடுங்கள். ஒவ்வொரு பிளேட்டாக எடுக்கும்போதும் ஃபோனில் ஒரு படம்.

4. அளந்து பேசுங்கள்

இங்கேதான் நீங்கள் கூட்டத்திலிருந்து பிரிகிறீர்கள். பழைய பிளேட்டைக் கையில் எடுத்து, முகர்ந்து பார்த்து, "போயிடுச்சு" என்று சொல்வது பழக்கத்தின் வேலை. வெர்னியர் வைத்து அளப்பதுதான் தொழில். சின்ன பைக்குகளில் புது ஃப்ரிக்‌ஷன் பிளேட்டின் தடிமன் 3 மி.மீ. பக்கம் இருக்கும். மேனுவல் சொல்கிற கடைசி எல்லை அதிலிருந்து அரை மி.மீ. கூடத் தள்ளி இருக்காது. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே பிளேட்டில் மூன்று நான்கு இடத்தில் அளங்கள், குறைந்த அளவை எழுதுங்கள்.

ஸ்டீல் பிளேட்டைத் தட்டையான கண்ணாடியின்மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். பல மேனுவல்களில் 0.2 மி.மீ.தான் எல்லை. அதைத் தாண்டி நுழைந்தால் பிளேட் வளைந்துவிட்டது. டிராக்கும் நடுக்கமும் அங்கிருந்துதான் வருகின்றன. நீலம் பாய்ந்திருந்தால் சூடேறி வெந்த பிளேட் அது. எமரி தேய்த்துத் திரும்பப் போடாதீர்கள், மாற்றுங்கள்.

ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளங்கள். ஒன்று மட்டும் குட்டையாக இருந்தாலும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் கொடுத்து டைட் ஏற்றும் வித்தையை யாராவது சொல்லித்தந்தால், கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். லீவர் கல்லாகிவிடும். சிக்னலுக்குச் சிக்னல் கிளட்ச் பிடிக்கிற நகர வாழ்க்கையில் கஸ்டமரின் மணிக்கட்டு இரண்டே நாளில் உங்களைத் திட்டும்.

கிளட்ச் அவுட்டரின் காடிகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஃப்ரிக்‌ஷன் பிளேட்டின் காதுகள் இடித்து இடித்து அங்கே படிக்கட்டு மாதிரி பள்ளம் விழுந்திருக்கும். லேசாக இருந்தால் அரத்தில் சமன் செய்யலாம். ஆழமாக இருந்தால் அவுட்டரையே மாற்ற வேண்டும். புது பிளேட்டைப் பள்ளத்தில் போட்டால் பிளேட் நகராமல் மாட்டிக்கொள்ளும், பழி பிளேட் மீது விழும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். மாடல், கிலோமீட்டர், பிளேட் அளவு, ஸ்பிரிங் நீளம், என்ன மாற்றினீர்கள், என்ன மாற்றவில்லை. வண்டிக்கு ஒரு பக்கம். இது உங்கள் சொந்தச் சொத்து. பட்டறை மாறினாலும் கூடவே வரும்.

5. சொந்த டூல்ஸ்

ஓனரின் டூல் பாக்ஸை நம்பி இருப்பவர் ஓனரின் தயவிலேயே இருப்பார். முதல் சில மாதச் சம்பளத்திலிருந்து வெர்னியர், ஃபீலர் கேஜ், சின்ன டார்க் ரென்ச் மூன்றையும் வாங்குங்கள். கிளட்ச் சென்டரைப் பிடித்துக்கொள்ளும் டூலைக் கடையில் தேட வேண்டாம். கழற்றிப் போட்ட பழைய ஸ்டீல் பிளேட்டில் ஓர் இரும்புப் பட்டையைக் கைப்பிடியாக வெல்டிங் வைத்தால் போதும். மாடலுக்கு ஒன்று செய்து சுவரில் மாட்டுங்கள். உள்ளே நுழையும் கஸ்டமர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

ஸ்பேர் வாங்குவதும் ஒரு ஸ்கில்தான். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசும் புதுப்பேட்டையில் பழசும் கிடைக்கும். கிளட்ச் அவுட்டர் போன்ற கிடைக்காத பாகத்தைப் புதுப்பேட்டையில் தேடலாம், தப்பில்லை. ஃப்ரிக்‌ஷன் பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் மட்டும் பழசு வாங்காதீர்கள். பில் இல்லாத டூப்ளிகேட் பிளேட்டில் கிடைக்கும் கூடுதல் மார்ஜின் ஒரு கம்ப்ளெயின்ட்டில் கரைந்துவிடும்.

6. கோப்பது

புது ஃப்ரிக்‌ஷன் பிளேட்டை அதே வண்டிக்கு ஊற்றப்போகும் ஆயிலில் முந்தின இரவே ஊறப்போடுங்கள். அவசரம் என்றாலும் சில மணி நேரமாவது. காய்ந்த பிளேட்டைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் முதல் சில நிமிடத்திலேயே மேல்பூச்சு கருகிவிடலாம்.

ஸ்டீல் பிளேட்டின் ஒரு பக்க விளிம்பு கூராக இருக்கும். எல்லாமே ஒரே பக்கம் பார்க்கட்டும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே மூச்சில் ஒன்றை முழுசாக டைட் செய்தால் பிரஷர் பிளேட் சாய்ந்து உட்காரும், அலுமினிய மரை பெயர்ந்துவிடும். 6 மி.மீ. போல்ட் என்றால் பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். கை பலத்தைக் காட்டும் இடம் இது இல்லை.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது கவரின் முகத்தில் கீறல் விழக் கூடாது. புது பேக்கிங் போட்டால் அனபாண்டைக் கிண்ணம் கிண்ணமாகப் பூச வேண்டாம். உள்ளே பிதுங்கியது உடைந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும். டவல் பின் இரண்டும் இருக்கின்றனவா, கிக்கர் ஷாஃப்ட் ஆயில் சீல் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். அட்ஜஸ்ட்மென்ட்டில் முதலில் உள்ளே உள்ள அட்ஜஸ்டர், கடைசியில் கேபிள். இந்த வரிசையை மாற்றினால் இரண்டும் சரியாக வராது.

7. டெலிவரி என்பது உங்கள் விளம்பரம்

டிரையல் நீங்களே போங்கள், முடிந்தால் கஸ்டமரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு. ஒரு மேம்பாலம் ஏறிக் காட்டுங்கள். பழைய பிளேட்டுகளைத் துடைத்து ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுங்கள். புது பிளேட்டின் அளவு, பழையதின் அளவு இரண்டையும் எழுதிக் கொடுங்கள். "500 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை வாங்க சார், பிளேட் செட் ஆனதும் பிளே மாறும், ஃப்ரீயா அட்ஜஸ்ட் பண்ணித் தரேன்" என்று சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தில் அவர் செயின், பிரேக் ஷூ என்று அடுத்த வேலையைச் சொல்வார்.

ஹாஃப் கிளட்சில் ஓட்டும் பழக்கம் இருந்தால் அதையும் நயமாகச் சொல்லுங்கள். லீவரின்மேல் விரல் வைத்தபடியே ஓட்டுகிறவர்களின் பிளேட் சீக்கிரம் போகிறது. சொன்னால் வருமானம் குறையும் என்று கணக்குப் போடாதீர்கள். சொல்கிற மெக்கானிக்கிடம்தான் அவர் தம்பி வண்டியையும் அனுப்புவார்.

யூனிஃபார்ம் சுத்தமாக இருக்கட்டும். டேங்கில் கிரீஸ் கை பதியக் கூடாது. வேலைத்திறமை தெரியாத கஸ்டமருக்கும் கைத்தடம் தெரியும்.

இதை எப்படிப் பணமாக்குவது?

சர்வீஸ் சென்டரில் இருந்தால், கிளட்ச், என்ஜின் வேலைகளைக் கேட்டு வாங்குங்கள். வாட்டர் வாஷிலும் ஜெனரல் சர்வீஸிலும் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களைப் பாருங்கள், அவர்கள் கேட்கவில்லை. சீனியர் அண்ணன் கவர் திறக்கும்போது பக்கத்தில் நின்று பேக்கிங் சுரண்டுங்கள். அவருக்கு நேரம் மிச்சம், உங்களுக்குப் பாடம். கற்றபின் அவருடைய கஸ்டமரைத் தொடாதீர்கள், உங்களுக்கென்று ஒரு மாடலைப் பிடித்துக்கொள்ளுங்கள். "ஆர்எக்ஸ்னா அந்தப் பையன்" என்று பட்டறைக்கு வெளியே பேச்சு வந்தால், உங்கள் சம்பளத்தை ஓனர் தனியாக முடிவு செய்ய முடியாது.

இன்டர்வியூவுக்குப் போகும்போது சர்டிஃபிகேட்டோடு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை வண்டி செய்தீர்கள் என்பதைவிட, எத்தனை திரும்பி வந்தன, ஏன் வந்தன என்று சொல்ல முடிகிறவரை ஒர்க்ஸ் மேனேஜர் நிமிர்ந்து பார்ப்பார். டிரையல் வேலை கொடுத்தால் வேகத்தைக் காட்ட முயலாதீர்கள். டிரே ஒன்றை விரித்து, கழற்றியதை வரிசையாக அடுக்குங்கள். அவர் கவனிப்பது அதைத்தான்.

இப்போதிருக்கும் பட்டறையிலேயே சம்பளம் உயர வேண்டுமென்றால் நேரம் பார்த்துக் கேளுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு வாரம் வண்டிகள் குவியும், ஓனருக்கு உங்கள் கை தேவைப்படும். ஒரு சாயங்காலம் ஷட்டர் இறக்கியபின் நோட்டைத் திறந்து, இந்த வருடம் நீங்கள் தனியாக முடித்த கிளட்ச் வேலைகளையும் அவை கொண்டுவந்த லேபரையும் கூட்டிக் காட்டுங்கள். எவ்வளவு வேண்டும் என்ற தொகையை நீங்களே முதலில் சொல்லுங்கள்.